விடைபெறும் மேஜை

பிப்ரவரி 3

அக்கா,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கவில்லை. நலமில்லாதவன் உட்கார்ந்து கடிதம் எழுத மாட்டான். உனக்கு நலமில்லை என்றால் நான் கேட்காமலே நாலு பக்கம் எழுதிவிடுவாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சேர்ந்து ஐந்து நாள் ஆகிறது. போனை வாசலிலேயே வாங்கி இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். வால்வு செய்கிற தொழிற்சாலை, அதன் வடிவமைப்பு ரகசியமாம். உள்ளே தங்குகிறவர்கள் வீட்டுக்குக் கடிதம்தான் எழுத வேண்டும். வரவேற்பறையில் கொடுத்தால் அவர்களே தபாலில் சேர்க்கிறார்கள்.

இயந்திர அதிர்வு அளக்கப் படித்தவனை ஆளெடுப்பு விளம்பரப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். பேருந்து நிறுத்தங்களில் நாலு பேர் இளித்துக்கொண்டு "எங்களோடு வளருங்கள்" என்பார்களே, அந்த வேலை. "எனக்கும் இதுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?" என்று பிரிவுத் தலைவியிடம் கேட்டேன். "பொய் சொல்ல வராத ஒருத்தன் வேணும் தம்பி. நேர்காணல்ல என் விளம்பரத்தை மூஞ்சிக்கு நேரா குப்பைன்னு சொன்னது நீ ஒருத்தன்தான்" என்றார்.

அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேரும் முன் 212 கேள்விகள் உள்ள படிவம் ஒன்று கொடுத்தார்கள். படுத்தால் சுவர் எந்தப் பக்கம், கதவு எங்கே உரசும், எந்தச் சத்தம் கேட்டால் வீடு மாதிரி இருக்கும் என்று ஒரே தொணதொணப்பு. சலித்துப்போய் எல்லாவற்றுக்கும் உண்மையையே எழுதித் தொலைத்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் நம் வீட்டு அறை. ஜன்னல் இடப்பக்கம். கதவின் கீழ்மூலை உரசுகிறது. குழாய் சொட்டுகிறது. பராமரிப்புக்காரனைக் கூப்பிட்டேன். "ரிப்பேர் இல்ல சார், அப்படித்தான் அமைச்சிருக்கோம்" என்கிறான்.

வேலைக்காரர்கள் மனம் குளிர இவ்வளவு மெனக்கெடுவது முட்டாள்தனம். ஆனால் முதல் நாளே அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன்.

தம்பி

*

பிப்ரவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் குட்டியும் நலம். நீ கேட்காவிட்டாலும் நலம்தான். உன் 3ஆம் தேதிக் கடிதம் 8ஆம் தேதி, நிறுவனத்தின் நீல உறையில், ஒட்டுப் பிரியாமல் கிடைத்தது. கடிதம் எந்தத் தேதியில் எப்படி வந்தது என்று சொல்லாமல் பதில் எழுதுவது மரியாதை இல்லை என்று தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தே காலம் கழித்துக் கண்மூடிய அப்பா சொல்லிக் கொடுத்தார். உன் காதில் ஏறவில்லை, என் காதில் ஏறியது.

நான் ரத்தம் எடுக்கிற ஆய்வகத்தில் ஊசி குத்திக்கொள்ள வருகிறவர்கள்கூட "எப்படி இருக்கீங்க சிஸ்டர்" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுகிறார்கள். கூடப் பிறந்தவனுக்கு வாய் வரவில்லை. போகட்டும், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிற உனக்கும் ஒரு வேலை கிடைத்ததே, அதுவே அதிசயம்.

குட்டி டிப்ளமோ முடித்து ஒரு வருடமாகிறது. நாற்பத்தொரு விண்ணப்பம், நாற்பத்தொரு மௌனம். "அண்ணன் கம்பெனியில கேளுக்கா" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிகிறாள். கேட்டுப் பார். அப்படியே உடைந்த முன்பல்லையும் ஒட்டிக்கொள். பாதிப் பல்லோடு விளம்பரக்காரன் என்றால் யார் நம்புவார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 1

அக்கா,

பல் நன்றாகத்தான் கடிக்கிறது. ஒட்ட மாட்டேன்.

பழைய விளம்பரங்களைத் தூக்கிப் போட்டுவிட்டேன். என்னுடையது இவ்வளவுதான்: "ஓவன் பக்கம் நாற்பத்திரண்டு டிகிரி. எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். கால் வலிக்கும். முடியும் என்றால் வா." பிரிவில் எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். விண்ணப்பம் மூன்று மடங்கு வந்தது. ஊரே பொய் சொல்லும்போது ஒருவன் கால் வலிக்கும் என்றால் அவனை நம்புகிறார்கள். வருகிற விண்ணப்பமெல்லாம் முதலில் என் மேஜைக்குத்தான். பிரிப்பதும் படிப்பதும் நானே.

இனி வேலையை விட்டுப் போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்று தெரிந்தால் அதையும் சரிசெய்யலாமே என்று கணக்குக் கேட்டேன். "யாரும் போகலையே தம்பி" என்றார் தலைவி. "இந்த வருஷமா?" "ஆறு வருஷமா." இரண்டாயிரம் பேர், ஆறு வருடம், ஒரு ராஜினாமா இல்லை.

கீழ்த்தளத்தில் "விடைபெறும் மேஜை" என்று ஒன்று இருக்கிறது. விலக விரும்புகிறவர் அங்கே உட்கார்ந்து படிவம் நிரப்ப வேண்டும். போய்ப் பார்த்தேன். பேனா நூலில் கட்டியிருக்கிறது, மூடி கழற்றாமல். படிவக் கட்டின் மேல் தாள் பழுத்துவிட்டது. நாற்காலிக்குக் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

நான் மீட்டரோடு வளர்ந்தவன். எந்த இயந்திரமும் கொஞ்சமாவது அதிரும். ஒரு மீட்டர் ஆறு வருடமாகப் பூஜ்யம் காட்டினால் இயந்திரம் பிரமாதம் என்று அர்த்தமில்லை, மீட்டரின் கம்பியை யாரோ பிடுங்கியிருக்கிறார்கள்.

குட்டி விஷயம் இப்போது வேண்டாம். பார்த்துச் சொல்கிறேன்.

தம்பி

*

மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

நானும் குட்டியும் நலம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் 1ஆம் தேதிக் கடிதம் 15ஆம் தேதிதான் நீல உறையில் கிடைத்தது. ஏன் இத்தனை நாள்?

எல்லோரும் சந்தோஷமாக இருந்தால் உனக்கு ஏனடா எரிகிறது? இரண்டாயிரம் பேர் மகிழ்ச்சியாக இருப்பதைக் கோளாறு என்று சொல்ல உன்னால்தான் முடியும்.

அது இருக்கட்டும், உன்னைப் பார்த்துவிட்டோம்! ஆய்வகத்துக்கு எதிர்ப் பேருந்து நிறுத்தத்தில் ஆளுயரத்துக்கு நீ. "அக்கா, அண்ணன் சிரிக்குது, அண்ணன் பல்லைக் காட்டிச் சிரிக்குது!" என்று குட்டி நடு வீதியில் குதித்தாள். கள்ளா, ஒட்ட மாட்டேன் என்று எழுதிவிட்டு ஒட்டியிருக்கிறாயே. முன்பல் முழுசாக, அழகாக இருக்கிறது.

அந்தச் சூட்டோடு குட்டி விண்ணப்பம் போட்டுவிட்டாள். நான் தடுக்கவில்லை. கோபிக்காதே.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 26

அக்கா,

இதை வரவேற்பறையில் கொடுக்கவில்லை. போன கடிதத்தை அங்கே கொடுத்தபோது பெண் திருப்பிக் கொடுத்தாள். "ஆரம்பத்துல நலம் விசாரிக்கலையே சார், வீட்ல வருத்தப்படுவாங்க" என்றாள். உறையை நான் ஒட்டிக் கொடுத்திருந்தேன். சண்டை போட்டு அப்படியே அனுப்ப வைத்தேன். இது சரக்கு லாரி ஓட்டுகிறவர் கையில் வருகிறது.

நான் பல் ஒட்டவில்லை. கண்ணாடியில் இப்போதும் பார்த்தேன், பாதிதான் இருக்கிறது. யாரும் என்னைப் படம் எடுக்கவும் இல்லை.

இன்னொன்று. பத்து நாளாகச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பக்கத்து அறையில் இருமல். இரண்டு சின்னது, ஒரு நீளம், பிறகு தொண்டையைச் செருமுவது. அப்பாவின் இருமல். எந்தச் சத்தம் என்ற கேள்விக்கு நான்தான் அப்படியே எழுதிக் கொடுத்தேன். ஒலிபெருக்கி வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று என் அதிர்வு மீட்டரைச் சுவரில் ஒட்டினேன். ஒலிபெருக்கி இல்லை. நிமிடத்துக்கு எழுபத்திரண்டு துடிப்பு, விட்டுவிட்டு. சுவருக்கு நாடி கிடையாது அக்கா. அந்தப் பக்கம் யாரோ சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

கதவைத் தட்டினேன். இருமல் நின்றது. கதவு திறக்கவில்லை.

குட்டி வரக் கூடாது. ஏப்ரல் 12 லீவு போட்டிருக்கிறேன், நேரில் வந்து மிச்சத்தைச் சொல்கிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 30

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா? உன் 26ஆம் தேதிக் கடிதம் 29ஆம் தேதியே, லாரி ஓட்டுநர் கையால், வெள்ளை உறையில் கிடைத்தது. நல்ல மனிதர், தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அவருக்கு நன்றி சொல்.

12ஆம் தேதி காலையிலிருந்து வாசலைப் பார்த்தபடி இருந்தோம். குட்டி மூன்று பேருந்துகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நீ வரவில்லை. மறுநாளும் இல்லை. இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. அலுவலக எண்ணுக்குக் கூப்பிட்டால் ஒரு பெண் தேன் ஒழுகப் பேசுகிறாள்: "சார் ரொம்ப நல்லா இருக்காரும்மா, வேலையில மூழ்கிட்டார்."

அப்பா இருமலைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கும் ஆறு மணி ஆனால் காது கூர்மையாகிவிடுகிறது. ஒரு வரி எழுது.

அக்கா

*

மே 4

பேரன்பு நிறைந்த அக்காவுக்கு,

அன்புத் தம்பி எழுதிக்கொள்வது. நான் இங்கே பூரண நலம். உன் நலத்தையும் செல்லத் தங்கை குட்டியின் நலத்தையும் அறிய மிகவும் ஆவலாக இருக்கிறேன். லீவில் வர முடியாமல் உங்களைக் காக்க வைத்ததை நினைத்தால் மனம் கனக்கிறது. லாரியில் அனுப்பிய கடிதம் காய்ச்சல் வேகத்தில் எழுதியது, மறந்துவிடு. அந்த ஓட்டுநரும் இப்போது எங்களோடு உள்ளேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார், மகிழ்ச்சியாக இருக்கிறார்.

குட்டியின் விண்ணப்பம் தேர்வாகிவிட்டது என்பதைப் பூரிப்போடு தெரிவிக்கிறேன். இங்கே ஒருவரை ஒருவர் குடும்பமாகவே நினைக்கிறோம். அவள் அறைக்கு வேண்டியதை 212 கேள்விகளில் அவளே சொல்லட்டும்.

என்றும் உன் பாசமுள்ள,
தம்பி

*

மே 9

தம்பி,

உன் 4ஆம் தேதிக் கடிதம் நீல உறையில் கிடைத்தது. எழுத்து உன்னுடையதுதான். இடப்பக்கம் சாய்ந்து, மை அழுந்த. ஆனால் மூன்று முறை படித்தும் உன் குரல் கேட்கவில்லை.

உனக்கு என்ன ஆயிற்று? நீ ஒருநாளும் நலம் கேட்டவன் இல்லை. "செல்லத் தங்கை" என்பாயா நீ? வாசலில் காக்க வைத்ததற்கு வருத்தப்படுவாயா? "யார் காத்திருக்கச் சொன்னது" என்று என்னைத்தான் திட்டுவாய். எடுத்ததும் முட்டாள்தனம் என்பாய், நடுவில் மீட்டரை இழுப்பாய், கடைசியில் தம்பி என்று மட்டும் போடுவாய். இதில் ஒன்றுகூட இல்லை. இது நீ எழுதியதுதானா?

அக்கா

*

மே 13

அக்கா,

நலம் கேட்டால் சந்தேகம், கேட்காவிட்டால் சாபம். இனி கேட்க மாட்டேன், திருப்தியா? போன கடிதம் காய்ச்சல் உளறல். முட்டாள்தனம்.

12ஆம் தேதி யார் உங்களைக் காத்திருக்கச் சொன்னது? வராதவன் வேலையாக இருக்கிறான் என்று புரிய வேண்டாமா?

மீட்டரைத் திரும்ப வைத்துப் பார்த்தேன். சுவரில் தண்ணீர்க் குழாய் ஓடுகிறது, அதன் துடிப்புதான். இருமியவர் பக்கத்து அறைக் கணக்காளர். விஷயம் தீர்ந்தது.

குட்டி ஜூன் 14 சேர வேண்டும். மூட்டை கட்டச் சொல்.

தம்பி

*

மே 18

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் 13ஆம் தேதிக் கடிதம் நீல உறையில் கிடைத்தது. படித்துவிட்டு குட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணனேதான்க்கா! இந்தத் திமிரை வேற யாரால காப்பி அடிக்க முடியும்?" என்றாள். நான் வீணாகச் சந்தேகப்பட்டுவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஜூன் 14 குட்டி வருவாள். பெட்டி தயார்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். சின்ன வயதில் கோடிவீட்டு நாய் கடித்த முழங்கால் மழைக்காலத்தில் குடைகிறதா? எண்ணெய் அனுப்பட்டுமா?

அன்புடன்,
அக்கா

*

மே 22

அக்கா,

நாய்க்கடித் தழும்பு குடையவில்லை. அன்றைக்கு நீ என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது மட்டும் நினைவிருக்கிறது. எண்ணெய் வேண்டாம், இங்கே மருத்துவர் இருக்கிறார்.

குட்டியின் அறை தயார். அவளுக்குப் பக்கத்து அறைக்கும் ஆள் பார்த்துவிட்டார்கள்.

தம்பி

*

ஜூன் 11

பணி விண்ணப்பப் படிவம்

பெயர்: வேண்டாம். கையெழுத்து உனக்குத் தெரியும். படிவங்கள் முதலில் உன் மேஜைக்கு வரும் என்று எழுதினாயே, அதை நம்பித்தான் இதில் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

எங்கள் விளம்பரத்தை எங்கே பார்த்தீர்கள்: ஆய்வகத்துக்கு எதிர் நிறுத்தத்தில், நேற்றுக் காலை. உன் சிரிப்பை எடுத்துவிட்டு வெறும் கறுப்பு எழுத்து ஒட்டியிருந்தார்கள்.

"வராதே.
ஓவன் பக்கம் நாற்பத்திரண்டு டிகிரி. கால் வலிக்கும்.
இங்கே நாய் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை.
வீட்டில் தங்கச்சி இருந்தால் வீட்டிலேயே இருக்கட்டும்."

கீழே சின்னதாக "உண்மையை மட்டும் சொல்லும் வேலையிடம்" என்று அவர்கள் வரி. சுற்றிலும் கூட்டம். "வராதேன்னு சொல்ற அளவுக்கு ஒரு கம்பெனி இருக்குன்னா எவ்வளவு நல்லா இருக்கணும் பாரேன்" என்றான் ஒருவன். "நாய்த் தொல்லைகூட இல்லையாம்டா!" என்றான் இன்னொருவன். எல்லோரும் முகவரியைக் குறித்துக்கொண்டார்கள். நான் மட்டும் நிறுத்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கடிதங்கள் உன் கண்ணில் படுகின்றன என்று அப்போதுதான் தெரிந்தது.

விண்ணப்பிக்கும் காரணம்: இரண்டு தப்புச் செய்தேன், சொல்ல வேண்டும். லாரிக்காரர் கொடுத்தார் என்று மரியாதைக்கு எழுதிவைத்து அவரைக் காட்டிக்கொடுத்தேன். பிறகு நீ எப்படி எழுதுவாய் என்று நானே பட்டியல் போட்டு அனுப்பினேன். 13ஆம் தேதிக் கடிதத்தைப் படித்து நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அதில் நான் சொன்னது எல்லாம் இருந்தது. சொல்லாதது ஒன்றுகூட இல்லை. அதனால்தான் இல்லாத நாயை அவிழ்த்துவிட்டேன். நீயாக இருந்தால் "எந்த நாய்? பைத்தியமா?" என்று ஒரு வரியில் கடித்திருப்பாய்.

உங்களைச் சார்ந்தவர்கள்: குட்டி. வரவில்லை. விளம்பரத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். "நாய் நம்ம வீட்டுப் பக்கமே இருந்ததில்லையேக்கா" என்றாள். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்துத் துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் வைத்தாள்.

வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா: விடைபெறும் மேஜைக்குப் போ. நாற்காலி உறையைக் கிழித்து எறி. உட்கார்ந்து எழுது. மீட்டர் ஒன்று என்று காட்டட்டும். 20ஆம் தேதி காலை பத்து மணிக்கு வாசலில் நிற்பேன்.

நலமா? திட்டினாலும் பரவாயில்லை, கேட்காமல் இருக்க முடியவில்லை.

*

ஜூன் 27

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

ஆளெடுப்பு விளம்பரப் பிரிவின் தலைவி எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். தங்கள் நலமும் தங்கள் தங்கையின் நலமும் நாடுகிறோம். தாங்கள் 11ஆம் தேதி அனுப்பிய விண்ணப்பம் 14ஆம் தேதி, பழுப்பு உறையில், ஒட்டுப் பிரியாமல் கிடைத்தது.

20ஆம் தேதி தாங்கள் எங்கள் வாசலில் ஆறு மணி நேரம் நின்றது எங்கள் எல்லோர் மனதையும் தொட்டது. வெயிலில் நிற்பவர்களுக்காக அங்கே ஒரு கூரை போட ஏற்பாடு செய்திருக்கிறோம்.

"வராதே" விளம்பரத்துக்கு இதுவரை இல்லாத அளவு விண்ணப்பம் வந்திருக்கிறது. தங்கள் தம்பியின் திறமைக்கு அது சான்று. அவர் முன்பல்லைச் சரிசெய்துகொண்டுவிட்டார். இப்போது நன்றாகச் சிரிக்கிறார்.

தங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. சுருக்கமான படிவம்தான் நிரப்பியிருந்தீர்கள். ஆனாலும் மற்ற விவரங்கள் தங்கள் கடிதங்களிலேயே கிடைத்துவிட்டன. தம்பியின் பக்கத்து அறை காலியாக இருக்கிறது. குழாயைச் சொட்ட விட்டிருக்கிறோம். தங்கைக்குச் சௌகரியப்படும் நாளில் அவரும் வரலாம். அவசரமில்லை.

கீழ்த்தளத்தில் ஒரு சின்னச் சேதம். 19ஆம் தேதி விடைபெறும் மேஜையின் நாற்காலி உறையை யாரோ கிழித்துவிட்டார்கள். புதிது போட்டாயிற்று.

என்றும் அன்புடன்,
பிரிவுத் தலைவி